உள்ளாளுக்கு அபராதம்

பாலாங்குர அறக்கட்டளை கொடுத்த அடையாள அட்டையில் சங்கமித்ராவின் பெயருக்குக் கீழே ‘பண்பாட்டுப் பாலம்’ என்று மூன்று மொழிகளில் அச்சடித்திருந்தார்கள். முதல் நாள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அல்சூர் ஜோகுபாளையத்தில் தன் வீட்டுச் சந்தில் நடந்தபோது இட்லிக்கடை சந்திரம்மா கரண்டியை நீட்டித் தடுத்தாள்.

"இன்னாடி மித்ரா, பாலம்னு போட்டுக்குது? ரோடு போடுற ஆபீஸ்ல வேலையா?"

"இல்லக்கா. சனங்களுக்கு நடுவுல பாலமாம்."

"எதுவா இருந்தா இன்னா, மழைக்கு முன்னாடி கட்டி முடிக்கச் சொல்லு."

அன்றிலிருந்து அட்டை கைப்பைக்குள் போயிற்று. ஆபீஸ் இருக்கும் மல்லேஸ்வரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் கழுத்துக்கு ஏறும்.

அவள் பாலமானது பெரிய விஷயமில்லை. அதுவரை ஒரு நர்சிங் ஹோமில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே கம்ப்யூட்டர் வந்ததும் இவள் வெளியே வந்தாள். அறக்கட்டளை நேர்முகத் தேர்வில் டைரக்டர் அலர்மேல்மங்கை மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "பழங்குடி மக்களோட உனக்குப் பழக்கம் உண்டோ?" என்று கேட்டார். "சின்ன வயசுலேர்ந்தே உண்டு மேடம்" என்றாள் சங்கமித்ரா. தெருவில் பாசிமணி விற்க வருகிறவர்களிடம் அவள் அம்மா ஊக்கு வாங்குவாள். அதுதான் அந்தப் பழக்கம். வேலை வேண்டியிருந்தது. ஊக்கு ஒரு தகுதி ஆயிற்று.

அறக்கட்டளை ஆபீஸ் என்பது அலர்மேல்மங்கையின் பூர்வீக வீடுதான். அவருடைய கொள்ளுத்தாத்தா மைசூர் மகாராஜா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். தலைப்பாகையோடு ஹாலில் தொங்கிக்கொண்டு, கீழே நடக்கிற கூட்டங்களையெல்லாம் ஒரு சம்பந்தமுமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை பெற்ற பழங்குடிக் குடும்பங்களை வாராவாரம் வீட்டுக்கே போய்ப் பார்த்து, குழந்தையை எடை போட்டு, தாய்க்கு யோசனை சொல்கிற திட்டம் அவர் படத்துக்குக் கீழேதான் உருவாயிற்று. திட்டம் அந்த மக்களின் பண்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று நன்கொடை கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்காக அஷ்வத் என்ற ஆலோசகர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர், கைத்தறிச் சட்டை, எதைச் சொல்வதற்கு முன்னாலும் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டு வாசலில் செருப்பை எந்த இடத்தில் கழற்றுவது என்பதைப் பற்றி ஒரு காலை முழுக்க விவாதம் நடந்தது. காலனியிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. மக்கள் பங்கேற்பு மூன்றாம் கட்டத்தில்தான் வருகிறது என்று எத்திராஜ் சொன்னார். அவர் கணக்காளர், அவர் சொன்னால் பட்ஜெட் சொன்ன மாதிரி.

காலனி பன்னேர்கட்டா ரோட்டைத் தாண்டி, கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பாறைக்குழிக்குப் பக்கத்தில் இருந்தது. ஹக்கிபிக்கி சனங்கள். தமிழ்நாட்டில் குருவிக்காரர் என்று சொல்கிறோமே, அவர்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒரு காலத்தில் பறவை பிடித்தார்கள். அதைச் சட்டம் தடுத்ததும் பாசிமணி விற்றார்கள். இப்போது தலைமுடி எண்ணெய். வீட்டு முன்னால் அண்டா அண்டாவாக மூலிகை கொதிக்கும். ஆஷாட மாதத்து ஆடிக் காற்று அந்த வாசனையை அள்ளிக்கொண்டு போய் எதிரே நிற்கும் இருபது மாடிக் குடியிருப்பின் பால்கனிகளில் கொட்டும். வாட்ஸப்பில் புகார் வரும். அதே குடியிருப்பிலிருந்து முடி கொட்டுகிறவர்கள் சாயங்காலம் பாட்டில் வாங்க வருவார்கள்.

குடிசையும் வில்லும் அம்பும் இருக்கும் என்று எண்ணிப் போன சங்கமித்ராவுக்கு முதல் வீட்டிலேயே சறுக்கியது. வீட்டு மருமகன் எண்ணெய் விற்க டான்சானியா போயிருந்தான். வீட்டில் எல்லோருக்கும் பாஸ்போர்ட் இருந்தது, சங்கமித்ராவுக்கு இல்லை. அஷ்வத் எழுதிக் கொடுத்த ‘மாமியாருடன் நல்லுறவு’ என்ற பாடமும் அங்கேயே உயிரை விட்டது. இவர்களிடம் மாப்பிள்ளைதான் பெண்ணுக்குப் பரிசம் கொடுத்துப் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். மாமியார் ஷிமோகாவில் இருந்தாள்.

வீட்டுத் தலைவர் பெயர் டெலிபோன். அவர் பிறந்த அன்று ஊருக்கு டெலிபோன் வந்ததாம். மூத்த மகள் ரேடியோ. இளையவள் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் வலி எடுத்ததால் அவள் மெஜஸ்டிக். பெயரைக் கேட்டு அஷ்வத் உதட்டைக் கடித்துக்கொண்டார். சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பெயரைப் பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் ஒரே தடவையில் சரியாகச் சொன்னதில்லை.

மெஜஸ்டிக்குக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வாராவாரம் எடை பார்க்கணும், இறங்கினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வரணும். குழந்தைக்கு உறிஞ்சப் பலம் போதாது. இரண்டு வாய் குடிக்கும், களைத்துத் தூங்கிவிடும். மெஜஸ்டிக் அதன் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி எழுப்பி மறுபடியும் கொடுப்பாள். சங்கமித்ரா போய்க் கொக்கித் தராசில் நீல நைலான் தூளியை மாட்டி எடை பார்ப்பாள். முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. அதாவது, பண்பாடு வந்து சேரும் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

பண்பாடு தூளி ரூபத்தில் வந்தது. மல்லேஸ்வரத்துக் கூட்டத்தில் அஷ்வத் நைலான் தூளியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"இதுல ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. அவங்க துணியிலேயே தூளி தெச்சா? அந்தச் சமூகமே குழந்தையைத் தாங்கற மாதிரி."

"பியூட்டிஃபுல்" என்றார் அலர்மேல்மங்கை. "சங்கமித்ரா, அவாளுக்குப் பிடிக்குமோ?"

எல்லோரும் பாலத்தைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல அட்டையில் இடமில்லை.

"ரொம்பப் புடிக்கும் மேடம்."

அல்சூர் சந்தையில் பாசிமணி விற்கிற ஒரு பெண்பிள்ளையிடம் பேரம் பேசி, பூவேலையும் கரையும் வைத்த அகலமான பாவாடை ஒன்றை வாங்கினாள். உடுத்தித் துவைத்த பழைய பாவாடை. அந்தப் பெண் இரண்டு தடவை, "நீ கட்டிக்கவா?" என்று கேட்டாள். "இல்ல, ஒரு நல்ல காரியத்துக்கு" என்று சங்கமித்ரா சொன்னதற்கு ஏன் அப்படிச் சிரித்தாள் என்று அப்போது விளங்கவில்லை. டெய்லரான புருஷன் சரவணன் அதை வெட்டித் தூளியாகத் தைத்துக் கொடுத்தான். அலர்மேல்மங்கை அதைப் போட்டோ எடுத்து நன்கொடைக்காரர்களுக்கு அனுப்பினார். ஏழெட்டு இதயம் வந்தது.

அந்த வாரம் டெலிபோன் வீட்டில் கூரைக் குழாயில் தராசை மாட்டி, புதுத் தூளியில் குழந்தையைப் படுக்க வைத்தாள். தூளி மெல்ல ஆடியது. அதற்கு நேர் மேலே, சுவர்ப் பலகையில், அந்த வீட்டுச் சாமி மூட்டை இருந்தது. அம்மனுக்குச் சாத்துகிற துணிமணிகளைக் கட்டி வைத்த மூட்டை. அவர்களுக்கு அதுதான் கோயில்.

ரேடியோ எண்ணெய்க் கையோடு உள்ளே வந்தாள்.

"இரு, இரு. இன்னா துணி இது?"

"உங்க துணிதாங்க. உங்க ஆளுங்ககிட்டயே வாங்குனது."

"எங்க ஆளுன்னா?"

"அல்சூர் சந்தையில மணி விக்கிற அம்மா."

"அவ விக்கிற துணியா? கட்டுன துணியா?"

"கட்டுனது. ஒரிஜினல்" என்றாள் சங்கமித்ரா, பெருமையாக.

ரேடியோ போட்ட சத்தத்தில் எதிர்க் குடியிருப்பில் மூன்று பால்கனிக் கதவுகள் திறந்தன. "எவளோ இடுப்புல கட்டி அவுத்த பாவாடையில எங்க புள்ளய போட்டு, சாமி மூஞ்சிக்கு நேரா தொங்க வுட்டியே! எங்க ஆம்பளைங்க மேல பொம்பள பாவாட பட்டாலே தீட்டு, நாங்க பாத்துப் பாத்துப் பொழைக்கிறோம். ஏ கார்டுக்காரி! ஆஸ்பத்திரிப் பை நல்லாத்தானடி இருந்துச்சு? யாருடி ஒன்ன மாத்தச் சொன்னது?"

குழந்தையை மெஜஸ்டிக் வாரி எடுத்துக்கொண்டாள். தூளி ஒரு குச்சியின் நுனியில் தொங்கியபடி வெளியே போயிற்று. அதன் பின்னாலேயே சங்கமித்ராவும் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

தீட்டைக் கழிக்காமல் தாயும் பிள்ளையும் வாசலைத் தாண்டக் கூடாது; சாமி மனசு ஆறாமல் பிள்ளைக்கு வைத்தியம் பலிக்காது. கழிக்கப் பஞ்சாயத்து கூடவேண்டும். பஞ்சாயத்துக்கு வீட்டுத் தலைவர் வேண்டும். டெலிபோன் கேரளத்தில் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார்.

நடந்ததை மல்லேஸ்வரத்தில் சொன்னபோது அஷ்வத் கண்ணை மூடி, "இது ஒரு அருமையான கற்றல் வாய்ப்பு" என்றார். அலர்மேல்மங்கை அறிக்கை கேட்டார். சங்கமித்ரா அறிக்கை எழுதவில்லை. மறுநாளும் காலனிக்குப் போனாள். ‘ரொம்பப் புடிக்கும்’ என்று தான் சொன்னது அவளுக்குச் சோறு இறங்கவிடவில்லை.

கதவு திறக்கவில்லை. வாசலில் நின்றாள். தூறல் போட்டது. அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த ரேடியோ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீளமான மரத் துடுப்பை அவள் கையில் திணித்தாள்.

"சும்மா நிக்கிற கையிக்கு இத கிளறு. அடி புடிச்சா ஒன்ன வுட மாட்டன்."

செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, என்னவென்று சொல்ல மாட்டார்கள் என்ற இன்னும் பல தழைகள், நல்லெண்ணெயில் கறுத்துக் கொதித்தன. புகை கண்ணில் பட்டுக் கரித்தது. தோள் விட்டுப் போகிற வேலை. துடுப்பை அடியோடு உரசி ஒரே பக்கமாகச் சுற்றவேண்டும். மாற்றிச் சுற்றினால் ரேடியோ கத்துவாள். சங்கமித்ரா தினமும் வந்து கிளறினாள். வீட்டுக்கு வந்தால் சரவணன் முகர்ந்து பார்த்து, "அந்த ஆபீஸ்ல இன்னாதான் வேல செய்யற நீ?" என்று கேட்டான். காலனியில் மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தது, வாசலுக்கு வெளியே. உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே உள்ளே காது கொடுப்பாள். குழந்தை அழுவது நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது.

"ரேடியோக்கா, சத்தமே வரலியே."

"தூங்குது."

"எப்பப் பாத்தாலும் தூங்குனா எப்பிடிக்கா? டாக்டரம்மா சொன்னாங்கல்ல. நீங்க வேணா என்னை அடிங்க. புள்ளய ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போங்க."

"மொதல்ல சாமி காரியம்" என்றாள் ரேடியோ. ஆனால் அன்றைக்கு அவள் கத்தவில்லை. உள்ளே போய் போனில் தன் பாஷையில் அப்பனை விளாசுவது வெளியே கேட்டது. மூட்டை முடிச்சோடு வரச் சொல்கிறாள் என்று சங்கமித்ராவுக்கு மொழி தெரியாமலே புரிந்தது.

டெலிபோன் வந்து இறங்கினார். மீசை, காதில் கடுக்கன், தோளில் சாம்பிள் எண்ணெய்ப் பாட்டில்கள் அடங்கிய சூட்கேஸ். வந்தவர் சங்கமித்ராவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஞாயித்துக்கெழம கூட்டம். ஒங்க பெரியம்மாவ கூட்டினு வா."

அலர்மேல்மங்கை மகிழ்ந்து போனார். "மக்களே கூட்டம் போட்டு நம்மளக் கூப்பிட்டிருக்காளா? மூன்றாம் கட்டம் தானா வந்துடுத்தே!" என்று பேனர் அடிக்கச் சொன்னார். சங்கமித்ரா, "மேடம், இது அந்த மாதிரி கூட்டம் இல்ல" என்று தொடங்கியதை அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டுப் புடவையில் வந்து இறங்கினார். அஷ்வத் பின்னாலேயே லேப்டாப்போடு.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆண்கள் ஒரு புறம், பெண்கள் ஒரு புறம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெறும் தரை. அலர்மேல்மங்கையை அதில் உட்காரச் சொன்னார்கள். அது பேச்சாளருக்குரிய இடம் என்று நினைத்து உட்கார்ந்து, "எல்லாருக்கும் நமஸ்காரம்" என்றார்.

"பேசக் கூடாது" என்றாள் ஒருத்தி. "குத்தம் பண்ணவங்க கடைசியிலதான் பேசணும்."

அலர்மேல்மங்கை சங்கமித்ராவைப் பார்த்தார். சங்கமித்ரா தரையைப் பார்த்தாள்.

பிறகு காலனி பேசியது. ரேடியோ எழுந்து நின்று பாவாடைக் கதையை நடித்தே காட்டினாள், சங்கமித்ரா மாதிரி கழுத்தை நிமிர்த்தி "ஒரிஜினல்!" என்றதும் பெண்கள் பக்கம் சிரித்து உருண்டது. ஒருவர் எழுந்து, தான் மொரீஷியசில் பட்ட அவமானத்தைச் சொன்னார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் பழைய கோழி வழக்கு ஒன்றைக் கிளப்பினார். கோழிக்காரி அங்கேயே இருந்தாள். அது தனியாக நடந்தது. பேனர் காற்றில் கழன்று போய் ஒரு சின்னப் பெண்ணுக்குப் போர்வையாயிற்று.

அப்போது வீட்டு வாசலுக்கு உள்ளேயே நின்றபடி மெஜஸ்டிக் கத்தினாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"கோழியெல்லாம் அப்பறம் பேசுங்க! எம்புள்ள நேத்துலேர்ந்து வாய வச்சு குடிக்கவே இல்ல. எப்பா, சீக்கிரம் தீத்து வுடு!"

கூட்டம் அடங்கியது. டெலிபோன் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். இரண்டு கேள்வி இருக்கிறது என்றார். முதலாவது, தப்பு நடந்ததா? நடந்தது. இரண்டாவது, இவர்கள் வெளியாளா, உள்ளாளா?

"வெளியாளுன்னா ஒரு தொந்தரவும் கெடையாது" என்று விளக்கினார். "அபராதம் இல்ல, ஒண்ணும் இல்ல. கார்ல ஏறிப் போலாம். நாங்க எங்க சாமிக்கு எங்க கைக்காசுல செஞ்சுக்கறோம். ஆனா இன்னொரு தபா இந்தப் பக்கம் வரக் கூடாது. உள்ளாளுன்னாத்தான் அபராதம். கட்டுனா தப்பு அதோட முடிஞ்சுது. அப்பறம் எவனும் அதப் பத்திப் பேசுனா அவனுக்கு அபராதம். சொல்லுங்க."

"வீ ஆர் நியூட்ரல்" என்றார் அஷ்வத். "ஒரு ஸ்தாபனம்ங்கற முறையில நாங்க உள்ளேயும் இல்ல, வெளியேயும் இல்ல."

டெலிபோன் கூட்டத்தைப் பார்த்தார். "இவரு வெளியாளு" என்றார். அஷ்வத்தைக் கொண்டுபோய்க் காரில் உட்காரவைத்தார்கள்.

சங்கமித்ராவுக்கு வாசலில் நின்ற மெஜஸ்டிக்கின் தோளில் குழந்தை துணி மாதிரிக் கிடப்பது தெரிந்தது. எழுந்துவிட்டாள்.

"நான் உள்ளாளு. பாவாட வாங்குனது நான். உங்களுக்குப் புடிக்கும்னு சொன்னதும் நான். எனக்கு உங்களப் பத்தி ஒண்ணுமே தெரியாது. எங்க அம்மா உங்ககிட்ட ஊக்கு வாங்கும், அவ்ளோதான். மேடம் எந்தக் கேள்வி கேட்டாலும் தெரியும்னே சொல்லிட்டேன், வேலை போயிடும்னு. அபராதம் எனக்குப் போடுங்க."

அலர்மேல்மங்கை அவளைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று சங்கமித்ரா எதிர்பார்த்தாள். அவர் புடவையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நானும் உள்ளாள்தான்" என்றார். "அவ தெரியும்னா, நான் யாரையும் வந்து விசாரிக்கலியே. சொல்லுங்கோ, என்ன கொடுக்கணும்?"

"கருப்பு ஆடு ஒண்ணு. காலனிக்குச் சோறு."

நான்கு தலைமுறை சாத்வீகம் அலர்மேல்மங்கையின் முகத்தில் ஒரு நிமிஷம் அல்லாடியது. "ஆட்டுக்குப் பதிலா பூசணிக்கா பண்ணக்கூடாதோ?"

"பூசணிக்கா ஒங்க சாமிக்கும்மா" என்றார் டெலிபோன் மரியாதையாக. "எங்க சாமிக்குப் பல்லு இருக்கு."

அலர்மேல்மங்கை போனை எடுத்து எத்திராஜைக் கூப்பிட்டார். மறுமுனையில் எத்திராஜ் கெஞ்சுவது ஊருக்கே கேட்டது: "மேடம், ஆடுன்னு பில் வந்தா ஆடிட்டர் என்னைத்தான் மேடம் வெட்டுவாரு! சிற்றுண்டின்னு போட்டுக்கட்டுமா?"

"என் சொந்தக் காசு, எத்திராஜ். ஒண்ணும் போட வேண்டாம்" என்று வைத்துவிட்டார்.

ஆடு எங்கேயும் போய்த் தேடவேண்டியிருக்கவில்லை. இந்த மாதிரி வழக்குகளுக்கென்றே காலனியில் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். தொட்டிக்குப் பின்னால் காரியம் முடிந்தது. தூளியை எரித்தார்கள். சாமி மூட்டைக்குத் தண்ணீர் தெளித்து, தாயையும் பிள்ளையையும் வேப்பிலைப் புகையில் காட்டி, டெலிபோன் "ஆச்சு" என்றார். அந்த ‘ஆச்சு’ காற்றில் இருக்கும்போதே ரேடியோ தங்கையைக் காரை நோக்கித் தள்ளிக்கொண்டு ஓடினாள். பின் சீட்டில் மெஜஸ்டிக், ரேடியோ, சங்கமித்ரா, முன்னால் டெலிபோன். அஷ்வத்தை இறக்கிவிட்டார்கள். வெளியாள் ஊருக்கு வெளியே ரோட்டில் நின்று ஆட்டோ பிடித்தார்.

வண்டி திரும்பி வரும்வரை அலர்மேல்மங்கை காலனியிலேயே இருந்தார் என்று டிரைவர் கோவிந்தன் பிற்பாடு சொன்னான். கறி கொதிக்கிற பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாராம். அவருக்கென்று யாரோ புதுச் சொம்பு கழுவிக் கடுங்காபி போட்டுக் கொடுத்தார்களாம். இரண்டு தடவை வாங்கிக் குடித்தாராம்.

ஆஸ்பத்திரியில் முள் ஒன்றரைக்கும் கீழே நின்றது. டாக்டரம்மா சங்கமித்ராவை வார்டு நடுவில் நிற்க வைத்துத் திட்டினார். "இத்தன நாள் என்ன செய்துட்டிருந்தீங்க? நீங்கதானே வீட்டுக்குப் போய்ப் பாக்கறவங்க?" பதில் ரேடியோவிடமிருந்து வந்தது.

"எங்க வீட்டு விஷயம் டாக்டரம்மா. பேசித் தீத்தாச்சு. இனிமே அவள யாராச்சும் திட்டுனா அபராதம். நீங்க புள்ளயப் பாருங்க."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பிள்ளையைப் பார்த்தார். மூக்கில் குழாய் விட்டுப் பால் இறக்கினார்கள். குழந்தையைத் துணியில்லாமல் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துச் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், தாய் களைத்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றார்கள். மெஜஸ்டிக் தூங்கும்போது ரேடியோ. ரேடியோ சாப்பிடப் போனால் டெலிபோன். சட்டையைக் கழற்றிப்போட்டுப் பேத்தியை மார்பில் கட்டிக்கொண்டு, மீசை அதன் தலையில் படாமல் கழுத்தை அண்ணாந்து வைத்தபடி அவர் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தார். டான்சானியாவிலிருந்து மருமகன் வீடியோவில் கூப்பிட்டால் கண்ணால் மட்டும் பேசினார். வார்டில் மற்றப் பெண்கள் தங்கள் புருஷன்மார்களைக் கூட்டிவந்து காட்டினார்கள்.

சங்கமித்ரா தினமும் அல்சூரிலிருந்து ஆதார் காட்டி, பெண்களுக்கான இலவச பஸ்ஸில் வந்தாள். சந்திரம்மா கடை இட்லி கொண்டுவந்தாள். குழாய் எடுத்தார்கள். முள் ஏறத் தொடங்கியது. ஒரு காலையில் மெஜஸ்டிக் சங்கமித்ராவின் கையைப் பிடித்துத் தன் மார்புக்குப் பக்கத்தில் குழந்தையின் தாடையில் வைத்தாள். தாடை அசைந்துகொண்டிருந்தது.

தாயும் பிள்ளையும் காலனிக்குத் திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம், சந்தையிலிருந்து எல்லோரும் திரும்பிய நேரத்தில், சங்கமித்ரா எடை பார்க்கப் போனாள். நைலான் தூளிதான். அவள் கிளம்பும்போது டெலிபோன் சொன்னார்: "நீங்க வந்துனே இருக்கீங்க. உள்ளாளுன்னா ரெண்டு பக்கமும் போக்குவரத்து இருக்கணும்."

அதை மரியாதைப் பேச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மல்லேஸ்வரத்தில் இரண்டாம் வருடத் திட்டக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, கேட் கிறீச்சிட்டது. ரேடியோ முன்னால், கையில் குழந்தையோடு மெஜஸ்டிக் பின்னால், கடைசியில் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு டெலிபோன். ரேடியோ நேராக உள்ளே வந்து சமையலறையை எட்டிப் பார்த்தாள். பாத்திரங்களைப் பார்த்தாள். பின்கட்டுக்குப் போய்க் கிணற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"வாங்கோ, வாங்கோ" என்று அலர்மேல்மங்கை எழுந்தார். பதறித்தான் போயிருந்தார். "உக்காருங்கோ. சங்கமித்ரா, காபி."

காபி கொண்டுவரும்போது ரேடியோ ஆரம்பித்திருந்தாள்.

"இம்மாம் பெரிய வீட்டுல எத்தன பேரு?"

"நான்தான். பையன் சியாட்டில்ல இருக்கான்."

"சமைக்கிறது யாரு?"

"நானே ஏதாவது... ராத்திரில பெரும்பாலும் மோர் சாதம்."

"ஒருத்திக்கு ஒலை வைக்கச் சோம்பேறித்தனம்" என்று ரேடியோ தங்கையிடம் சொன்னாள். "புள்ள எப்ப வருவான்?"

அலர்மேல்மங்கை மற்றவர்களைப் பார்த்தார், அவர்கள் காகிதங்களைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, "மூணு வருஷமாச்சு" என்றார்.

"ஒடம்புக்கு முடியலன்னா யாரு பாப்பா?"

"எத்திராஜுக்குப் போன் பண்ணுவேன்."

ரேடியோ எத்திராஜை மேலும் கீழும் பார்த்தாள். அவர் நாற்காலியில் சிறுத்துப் போனார். ரேடியோ டெலிபோனிடம் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டாள், அவர் தலையாட்டினார்.

"சரி. இனிமே நாங்க மாசத்துக்கு ஒரு தபா வந்து பாத்துட்டுப் போறோம்."

அலர்மேல்மங்கை சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியிருந்தது. "எந்தக் கிழமைன்னு சொன்னா நான் ஆத்துல இருப்பேன்."

"கெழம சொல்லிட்டு வர்றதுக்கு நாங்க என்ன ஆபீசா?"

பலாப்பழத்தை அறுக்கக் கத்தி கேட்டார் டெலிபோன். கையில் தடவ எண்ணெய் தேடி எத்திராஜ் சமையலறைக்கு ஓடினார். மெஜஸ்டிக் யாரையும் சட்டை செய்யாமல், தலைப்பாகைக்காரர் படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு கையாலும் முட்டி முட்டிக் குடித்தது. மூச்சு வாங்க விட்டு, சிணுங்கி, மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த உறிஞ்சும் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. சங்கமித்ரா தராசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்; குடித்து முடிக்கட்டும் என்று.